அந்த வெண்கலத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

இங்கிலாந்தின் வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். இடைக்கால வெள்ளிக் காசான ஒரு பென்னி கிடைத்தால் அன்று முழுக்க நமக்கு அதே பேச்சு. சரி, அது நியாயம்தான். ஆனால் அதே வயலில் ஒரு முனை தட்டையாக, நடுவில் கீல் துளையோடு கிடைக்கும் சின்ன வெண்கலத் துண்டு பழைய சாமான் டப்பாவுக்குப் போய்விடுகிறது. அது டம்ப்ரெல் என்னும் மடக்குத் தராசின் கரமாக இருக்கலாம்.

அதற்கு எடைக்கல் தேவையில்லை. கரத்தின் ஒரு முனையில் பென்னியை வைப்பார்கள். மறுமுனையின் கனம் அதற்குக் கணக்காகவே செய்யப்பட்டிருக்கும். காசு சரியான எடையில் இருந்தால் அதன் பக்கம் தாழும். வெள்ளியைத் திருட ஓரத்தைக் கத்தரித்த காசு என்றால் கரம் அசையாது. பார்த்து முடித்ததும் மடக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஒரு பென்னியே ஒன்றரை கிராமுக்கும் குறைவு. அதில் குறைந்ததைச் சந்தை நெரிசலில் கையால் தூக்கிப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

1247-இல் மன்னர் மூன்றாம் ஹென்றியின் காசில் சிலுவையை விளிம்பு வரை நீட்டியதே இந்தக் கத்தரிப்பைத் தடுக்கத்தான். அப்படியும் அது நிற்கவில்லை. 1278-இல் முதலாம் எட்வர்ட் இதே குற்றத்தைச் சொல்லி நாடெங்கும் யூதர்களைச் சிறைப்பிடித்தார். லண்டனில் மட்டும் 200 பேருக்கு மேல் தூக்கில் தொங்கினார்கள். பிடிபட்ட கிறிஸ்தவர்கள் பலர் அபராதத்தோடு தப்பினார்கள். புதிய காசு வந்தது அடுத்த வருடம். இந்தத் தராசைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கில் தொங்கிய அந்த யூதர்களின் நினைவுதான் வருகிறது.

1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொன்னையும் வெள்ளியையும்தான் முக்கியமாகக் கேட்கிறது. 2023-இல் வந்த திருத்தமும் மிக அபூர்வமான பொருட்களுக்குத்தான். ஆக, இந்த வெண்கலத் துண்டைப் பதிவுசெய்யச் சொல்லி யாரும் நம்மை வற்புறுத்தப் போவதில்லை. நாமாகத்தான் செய்ய வேண்டும். பென்னிகளோடு இப்படி ஒரு கரமும் ஒரே வயலில் கிடைத்தால், வரைபடத்தில் இல்லாத ஒரு சந்தை அங்கே கூடியிருக்கலாம்.

என் முதல் வருடத்தில் கிடைத்த கரத்தை பக்கிள் துண்டு என்று நினைத்து, எந்த வயல் என்றுகூட எழுதி வைக்கவில்லை. அது இன்னும் என் மேசையில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வருத்தம் இன்றும் போகவில்லை.

தயவுசெய்து ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் பகுதியில் கண்டெடுப்புகளைப் பதிவுசெய்யும் அலுவலரிடம் காட்டுங்கள். அப்புறம், கரம் மடங்கியிருந்தால் நிமிர்த்திப் பார்க்காதீர்கள், கீல் உடைந்துவிடும்.

அன்புடன்,
உங்களோடு வயலில் நடப்பவன்