யார் வீட்டில் சாப்பிடுகிறாய்?

வெனிஸ், 1623 பிப்ரவரி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். தங்கை கல்யாணப் பேச்சு நல்லபடியாகப் போகிறது. மற்றதை அம்மா எழுதுவாள். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வருகிறவர்கள் உன் துருக்கிப் பேச்சைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். மனசு நிறைந்தது. ஆனால் அப்பாவுக்கு ஒரு வரி எழுத மூன்று மாதமாக உனக்குக் கை வரவில்லை.

தூதர்கள் குடியிருக்கிற பெராப் பக்கம் விருந்துகள் நிறையவாமே. இராச்சாப்பாடு நம் ஆட்கள் வீட்டில்தானே?

லண்டனில் நம் தூதராக இருந்த அந்தோனியோ ஃபொஸ்காரினி விஷயம் கேள்விப்பட்டிருப்பாய். போன ஏப்ரலில் செனட்டிலிருந்து வெளியே வந்தவரைப் பிடித்தார்கள். ஆங்கிலச் சீமாட்டி வீட்டில் அயல்நாட்டுத் தூதர்களை ரகசியமாகச் சந்தித்தாராம். நம் பிரபு குலத்தில் பிறந்தவன் அவர்களோடு பேசுவதே குற்றம், உனக்குத் தெரியாததா? இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இராத்திரியில் சிறைக்குள்ளேயே கழுத்தை நெரித்து, விடிந்ததும் பியாஸெட்டா சதுக்கத்தில் ஒற்றைக் காலில் தொங்கவிட்டார்கள். தரையில் இழுத்ததில் முகமெல்லாம் சிராய்ப்பு. பொழுது சாயும்வரை இறக்கவில்லை.

போன மாதம் 16ஆம் தேதி அவரைக் கொல்லச் சொன்ன அதே பதின்மர் சபை அவர் குற்றமற்றவர் என்று அறிவித்துவிட்டது. சாட்சி பொய்யாம். அந்தச் சபையில் ஒரு குடும்பத்தில் இருவர் கூடாது, வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று எத்தனை கட்டுப்பாடு! நாட்டுத் தலைவரான டோஜும் அவருடைய ஆறு ஆலோசகர்களும் சேர்ந்து 17 பேர் உட்கார்ந்தும் இப்படி நடந்தது. தப்பை ஊரறிய ஒப்புக்கொண்டார்களே, அதில் எனக்குப் பெருமைதான். போன உயிர்?

இராத்திரியில் போர்வை போர்த்திக்கொண்டு வெளியே போகாதே. யார் வீட்டில் சாப்பிடுகிறாய் என்று எழுது.

இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சாட்சிகளை மறுபடி விசாரிக்கச் சொல்லி ஃபொஸ்காரினி வீட்டுப் பையன்கள் மனுவோடு அலைந்தபோது, ஒருவன் என்னைப் பார்த்துக் கிட்ட வந்தான். உன் வயசுதான். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, மடியிலிருந்த கணக்குச் சீட்டைப் பிரித்து வாசிக்கிற மாதிரி நின்றுகொண்டேன். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவன் சித்தப்பா நம் வீட்டில் சாப்பிட்டவர், மகனே. உனக்கு லண்டன் கதை சொன்னாரே, மீன்முள்ளைத் தட்டோரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டே.

அந்தப் பையன் இப்போதும் எதிரே வந்தால் வணக்கம் சொல்கிறான். நான் வேகமாக நடந்துவிடுகிறேன்.

யார் வீட்டில் சாப்பிடுகிறாய்? வேண்டாம், கடிதத்தில் எழுதாதே. கப்பலில் வருகிற நம் ஆளிடம் வாயால் சொல்லி அனுப்பு.

அப்பா