பிடியரிசியில் வாங்கிய காணி: எமது சபையின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும், மூப்பர்களுக்கும், காணிப் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய முகப்பில் மாபிள் பலகை திரைநீக்கம் செய்யப்பட்டபோது நானும் அங்கே நின்றேன். திருத்த வேலைக்கு உதவியோரின் பெயர்கள் பொன்னெழுத்தில் இருந்தன. அவர்களில் எவர்மீதும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த வேலையின் ஒரு பகுதி, பிள்ளைகளின் படிப்புக்கென எழுதிவைக்கப்பட்ட தோட்டக்காணியின் குத்தகைப் பணத்தில் நடந்திருப்பதை உங்கள் கணக்கறிக்கையிலேயே கண்டேன். அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கே திருப்பித் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அந்தக் காணி வந்த வழி உங்களுக்குத் தெரியாததல்ல. எமது சபையின் பெண்கள் பல வருடங்களாகச் சேர்த்த பிடியரிசியை விற்று வாங்கிய எட்டுப் பரப்பு நிலம் அது. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தகரப் பேணியில் போட்ட பின்னர்தான் என் அம்மம்மா அரிசி களைவார். கஞ்சி காய்ச்சிய நாட்களிலும் அந்தப் பிடி நின்றதில்லை. 1995 ஒக்டோபர் யுத்த இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கிடந்தபோது, நிவாரண அரிசியிலும் அவர் பிடி எடுத்தார்; கொண்டுபோய்க் கொடுக்கச் சபை இல்லாததால், பக்கத்துப் பாயில் படுத்திருந்த குடும்பத்துக்கு அதைக் கொடுத்தார். விசுவாசம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அந்தப் பேணிதான். பெற்றோர் வழி வருவதை நாம் முதுசம் என்கிறோம். அந்தப் பெண்கள் தாம் பெறாத பிள்ளைகளுக்கு விட்டுப்போன முதுசம் அந்த எட்டுப் பரப்பு.

இனி, அந்தக் கல்வி உதவியைக் கேட்டு உங்களிடம் வந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவனை இழந்தவர், எமது சபையில் பிறந்து வளர்ந்தவர். மகளுக்குக் கிளிநொச்சியில் உள்ள பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்தபோது, தங்குமிடத்துக்கும் முதல் மாதச் செலவுக்கும் உதவி கேட்டு, அனுமதிக் கடிதத்தை மழையில் நனையாதபடி பையில் சுற்றிக்கொண்டு, மூன்று ஞாயிறுகள் அலுவலக விறாந்தையில் காத்திருந்தார். இரண்டு முறை அடுத்த கிழமை வரச் சொன்னீர்கள். மூன்றாம் முறை நிதி இல்லை என்றீர்கள். நான் அவரைப் பிறகு சந்தையில் கண்டபோது காதில் தோடு இல்லை; துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்கு செருகியிருந்தார். தோடு அடகில் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளை படிக்கப் போய்விட்டாள் என்று மட்டும் சந்தோஷமாகச் சொன்னார்.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி எமது பிரசங்க பீடத்திலிருந்து அடிக்கடி கேட்கிறோம். மாற்கு சுவிசேஷத்தின் 12 ஆம் அதிகாரத்தில் அதற்கு நேர் முன்னுள்ள 40 ஆம் வசனம், விதவைகளின் வீடுகளைப் பட்சிப்போரைப் பற்றியது. அதையும் ஒரு ஞாயிறு வாசிக்க வேண்டும்.

1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய அமெரிக்க மிஷனின் காலத்தில், கடல் கடந்து பணம் அனுப்பியவர்களின் பெயர்களை இங்கே படித்த பிள்ளைகளுக்கு வைத்தார்கள். பிள்ளையின் சொந்தப் பெயரை மாற்றியது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆயினும் அன்று கொடையாளியின் பெயர் ஒரு பிள்ளையின் கல்வியோடு சேர்ந்து நடந்தது. இன்று அது சுவரில் இருக்கிறது. 1847 இல் வந்த அதே மிஷனின் வைத்தியர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாக்கினார். புலம்பெயர்ந்த எம் உறவுகள் அனுப்பும் பணமோ ஊருக்கு ஊர் கோபுரமும் மின்விளக்கும் ஆகிறது. அதைக் கேட்டு வாங்குவதும் நாம்தான். அவர்களிடம் ஒரு பிள்ளையின் படிப்பைக் கேட்டிருந்தால் மறுத்திருப்பார்களா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். தர்மத்துக்கு விடப்பட்ட சொத்தில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாட 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை. சகோதரர் வழக்கைச் சகோதரருக்குள்ளேயே தீர்க்கும்படி பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை நான் நம்புகிறேன். அதனால்தான் சட்டத்தரணிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். திருத்த வேலைக்கு எடுத்த குத்தகைப் பணத்தைக் கல்வி நிதிக்குத் திருப்பி வையுங்கள். இனி அந்தக் காணியின் வரவையும், எந்தத் தேவைக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும், பிள்ளைகளின் பெயரைச் சொல்லாமல், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வாசியுங்கள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த அரையாண்டு தை மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் அவளுடைய தாயை விறாந்தைக்கு அழைக்காமல், நீங்களே அவர் வீட்டுக்குப் போய் உதவியைக் கொடுக்க வேண்டுகிறேன்.

தாழ்மையுடன்,
பிடியரிசி எடுத்த ஒருவரின் பேத்தி,
வலிகாமம், யாழ்ப்பாணம்