வாசிகசாலைக் கொம்பியூட்டரும் எங்கட பழைய சண்டையும்

கோண்டாவில்
ஞாயிறு இரவு

மச்சான்,

சுகமா? இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சீனி குறைஞ்சிருக்கு, ஆனா மாம்பழத்தை விடுறாவில்லை. நீ டொரன்டோக் குளிரைப் பற்றி எழுதாத, நான் வெயிலைப் பற்றி எழுதேல்லை.

விசயம் என்னெண்டா, எங்கட வாசிகசாலைக்கு ஆரோ பழைய கொம்பியூட்டருகள் குடுத்திருக்கினம். விண்டோஸ் லைசன்சுக்குக் காசில்லை, சும்மா கிடைக்கிற லினக்ஸ் போட்டுத் தா எண்டு என்ர தலையில கட்டிவிட்டினம். லினக்ஸில ஒரு வகையான டெபியனைப் போட்டன். உடன கட்டையன் தொடங்கினான்: "ஒவ்வொரு வேலைக்கும் இருக்கிற செயலி எல்லாத்தையும் போடு, பெடியள் தெரிஞ்செடுக்கட்டும்." அச்சொட்டா நீ கம்பஸில கதைச்ச கதை! அவன் கேட்டபடி ஒரு மெசினில போட்டுக் காட்டினன். ஒரு சின்னப் பெட்டை மெனுவைத் திறந்து பாத்திட்டு, "மாமா, பாட்டுக் கேக்க இதில எதை அமத்திறது?" எண்டாள். கட்டையன் சேட்டுப் பொத்தானைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

2005 இல உனக்குத் தபாலில சும்மா வந்த உபுண்டு லினக்ஸ் சீடி ஞாபகமோ? எல்லாம் ஒரு சீடிக்குள்ள அடங்கவேணும் எண்டு, ஒரு வேலைக்கு ஒரு செயலியாத் தெரிஞ்சு வைச்சிருந்தாங்கள். அந்தக் காலத்து லினக்ஸ் திரைச்சூழல் கேடிஈ 3 ஐத் திறந்தா எழுதிறதுக்கு மட்டும் கேஎடிற், கேரைற், கேட் எண்டு மூண்டு. நீ அதுக்குச் சுதந்திரம் எண்டு பேர் வைச்சாய். ஒருத்தனுக்கும் இல்லையெண்டு சொல்லத் துணிவில்லாத வேலை எண்டன் நான். இப்பவும் அதைத்தான் சொல்லுறன், நீ பல்லைக் கடி.

லினக்ஸ் திட்டத்தை நடத்திறவை ஒரு வேலைக்கு ஒண்டைத் தெரிஞ்சு முன்னுக்கு வைக்கவேணும். மிச்சம் இணையத்தில இருக்கிற மென்பொருள் களஞ்சியத்தில கிடக்கட்டும், வேணுமெண்டவன் எடுப்பான். டெபியன்ர வேலையைப் பார். நானோ, விம் எண்ட ரெண்டு எழுத்துச் செயலியும் ஒரே மெசினில இருக்கலாம். 'எடிட்டர்' எண்டு கூப்பிட்டா எது வரும் எண்டதை ஒரு இணைப்புத் தீர்மானிக்குது, ஒரு கட்டளையில மாத்தலாம். ஒண்டா இருக்க ஏலாத மெயில் சேர்வருகள் எண்டா, போஸ்ட்ஃபிக்ஸைப் போட எக்சிம் தானா விலகும்.

ஆனா ஒண்டு என்னை விடுகுதில்லை. அந்தக் கேஎடிற்றை ஏன் அவ்வளவு காலம் கழிக்காம வைச்சிருந்தாங்கள் தெரியுமோ? அரபு, எபிரேயம் மாதிரி வலமிருந்து இடம் எழுதிறவைக்கு அதுதான் சரிவந்தது, மற்றது ரெண்டிலயும் அப்ப அந்த வசதி இல்லை. எல்லாரும் குப்பை எண்ட சாமான் ஆருக்கோ இருந்த ஒரே வழி. ஒண்டைத் தெரியிறவன்ர மேசையில எங்கட எழுத்து இல்லையெண்டா, முதல் வெட்டு எங்களுக்குத்தான் விழும் மச்சான். வாசிகசாலையிலயும் பார், சின்னராசா மாமா தட்டச்சுப் பழகின ஆள், அவருக்கு ரெங்கநாதன் விசைப்பலகைதான் கைக்கு வரும். பெடியள் போனில பழகினபடி ஆங்கில எழுத்தில 'அம்மா' அடிக்குதுகள். அதில மட்டும் ரெண்டையும் விட்டிருக்கிறன். கட்டையன் கண்டுபிடிச்சு, "இப்ப எங்க உன்ர ஒண்டு?" எண்டு நக்கலடிக்கிறான். கைப்பழக்கம் வேற, பாட்டுப் பெட்டி வேறயடா எண்டன். அவனுக்கு ஏறேல்லை.

மற்றது, முன்னுக்கு வைக்கிறதெண்ட சாட்டில வாசலைப் பூட்டக்கூடாது. உபுண்டு 20.04 இல வழமையான கட்டளையில குரோமியம் உலாவியைக் கேட்டா, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்னாப் எண்ட வேற வகைப் பொதியா வந்து இறங்கும். ஸ்னாப் வாற கடை ஒரே ஒரு கொம்பனியின்ர, கடைக்குப் பின்னால ஓடுற மென்பொருளும் திறந்ததில்லை. லினக்ஸ் மின்ட் 20 இல அதைத் தானா உள்ள வராமல் மறிச்சுவிட்டாங்கள். அதே மாதிரி இன்னொரு பொதி முறையான பிளாட்பேக்கில எண்டா ஆரும் தங்கட களஞ்சியத்தை வைச்சுக்கொள்ளலாம். வட்டில இடம் பிடிக்கும் எண்டு நீ முனகுவாய், முனகு. எங்கட பழைய வட்டுகளுக்கு அது எனக்கும் தலையிடிதான், அதால இஞ்ச டெபியன்ர சொந்தப் பெக்கேஜுகள் மட்டும்.

கட்டையன் நாளைக்குத் திரும்பி வாறானாம், பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி மட்டும் காணுமோ எண்டு கேக்க. அவனுக்கு நீயே ஒரு மெயில் போடு, நான் சொன்னா ஏறாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறதெண்டா கொம்பியூட்டர் மெமரி ராம் கொண்டு வா. டெஸ்க்டொப்புக்கு, டிடிஆர் 3. போனமுறை மாதிரிச் சொக்லேற்றோட மட்டும் வந்து நிக்காத.

உன்ர
தம்பு