கிடாவை விற்காதே

பென்னாகரம்,
ஆனி 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. மாங்காய் பறிப்பில் மாட்டிக்கொண்டேன், அதனால்தான் தாமதம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, விடு.

நீ கொண்டுபோன கருப்புக் கிடா 14 ஆட்டில் ஒன்றைக்கூடச் சினையாக்கவில்லை, 21 நாள் கழித்து எல்லாம் மறுபடியும் பருவத்துக்கு வந்து வாலை ஆட்டிக்கொண்டு கத்துகின்றன என்று எழுதியிருக்கிறாய். போச்சம்பள்ளி சந்தையில் கறிக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்கிறாய். அந்தக் கிடாவைக் கைகாட்டியவன் நான், பழியில் பாதி எனக்கு. ஆனாலும் சொல்கிறேன், ஆடி பாதி வரைக்கும் பொறு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆனியில், இதே கோபத்தில், நான் ஒரு கிடாவை விற்றேன். அரூர் பக்கத்துக்காரர் ஒருவர் வாங்கினார். தை மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "உங்க கிடா போட்ட குட்டி இருபது ஓடுதுங்க" என்று சிரித்தார். அன்று ராத்திரி எனக்குக் களி இறங்கவில்லை.

எங்கள் கால்நடை டாக்டர் அப்புறம்தான் விளக்கினார். விந்து அன்றன்றைக்கு ஆக்கிப் போடுகிற சோறு இல்லை. கிடாவின் விரையில் அது உருவாக ஏறக்குறைய 7 வாரம், முதிர்ந்து வெளியே வர இன்னும் 10 நாளுக்கு மேல். ஆக, வைகாசியில் உன் பெட்டைகளுக்குக் கிடைத்தது பங்குனி, சித்திரையில் உருவான சரக்கு. அப்போது அந்தக் கிடா எப்படி இருந்தது தெரியுமா? தகரக் கொட்டகை, மதியத்தில் உள்ளே கால் வைக்க முடியாது. தீனி வெறும் காய்ந்த கடலைக்கொடி. விரை உடம்பைவிட 4, 5 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதனால்தான் வெயிலில் பை தொங்குகிறது, விடியற்காலைக் குளிரில் மேலே ஏறிக்கொள்கிறது. காற்றே அனலாக இருந்தால் எவ்வளவு தொங்கி என்ன பிரயோஜனம்? பச்சை இல்லாததால் வைட்டமின் ஏ-வும் குறைந்திருக்கும். உன் தேன்கனிக்கோட்டைக் குளிருக்கு வந்ததும் பெட்டை மேல் ஏறத் தொடங்கியிருக்கிறது, ஆனால் உள்ளே இருந்தது பழைய சரக்கு. ஏறுவது வேறு, சினை பிடிப்பது வேறு.

நீ ஒரு காரியம் செய். காலையில் கிடாவை நிறுத்தி, பின்னால் இருந்து இரண்டு விரையையும் கையில் ஏந்திப் பார். பாலக்கோடு மண்டியில் தக்காளியை அழுத்திப் பார்ப்போமே, அப்படி. கெட்டியாக, இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கவலை வேண்டாம். கொழகொழவென்றோ, ஒன்று சிறுத்தோ இருந்தால் டாக்டரிடம் காட்டு. அவர் வேண்டாம் என்றால் விற்றுக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன்.

பகல் குறைந்தால்தான் கிடாவுக்கு வேகம் வரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அது ஆல்பைன், சானன் மாதிரி சீமை ஆடுகளுக்கு. அங்கே கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பல மணி நேர வித்தியாசம். நமக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தால் அதிகம். நம் கிடாவுக்குப் பருவம் என்பது மழையும் தழையும்தான்.

சரி, தீனி. கொள்ளும் ராகியும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் கலந்து நாளுக்குக் கால் கிலோவில் ஆரம்பித்து, மெதுவாக 400 கிராம் வரை ஏற்று. அதற்கு மேல் வேண்டாம். தானியம் மிஞ்சினால் மூத்திரக் கல் வரும், கொழுப்பு வைத்துவிட்டால் படுத்தே கிடக்கும். பருத்திப் புண்ணாக்கு கிடாவுக்குக் கூடாது, அது விந்தையே கெடுக்கும். சூபாபுல் தழை உன் வேலி நிறைய இருக்கிறது என்று அதையே வெட்டிப் போடாதே. வேம்பு, வாகை, அகத்தி என்று மாற்றிப் போடு. இணை சேரும் காலத்தில் கிடா தீனியை மறந்து பெட்டை பின்னாலேயே சுற்றி இளைத்துப்போகும். எலும்பு தெரிகிற வரைக்கும் வேடிக்கை பார்க்காமல் இப்போதே தேற்று. அடுத்த வருஷம் ஆனியில் கிடா சேர்க்க நினைத்தால் தீனியைச் சித்திரையிலேயே தொடங்கிவிடு. பச்சையே கிடைக்காத மாதம்தான், தெரியும். பங்குனியில் விழுகிற கருவேலங்காயைப் பொறுக்கி வைத்துக்கொள்.

ஆடி பாதி வரை கிடாவைப் பெட்டைகளின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத இடத்தில் கட்டு. தாடியில் தானே மூத்திரம் பெய்துகொண்டு நாறும் பார், அந்த வாடைக்கு வேலை இருக்கிறது. மூன்று நாலு வாரம் பிரித்து வைத்துத் திடீரென்று உள்ளே விட்டால், பத்து நாளுக்குள் பெட்டைகளில் பாதிக்கு மேல் பருவத்துக்கு வரும் என்கிறார் டாக்டர். மார்கழி, தையில் குட்டி விழும். உன் ஊர்ப் பனிக்குச் சாக்குப் படுதா தயாராக வைத்துக்கொள்.

ஆடிப்பெருக்கு கூட்டம் முடிந்ததும் வருகிறேன். ஒரு மூட்டை கொள்ளு ஏற்றி வருவேன், பாதி கிடாவுக்கு. மீதிக்குத் தங்கச்சியிடம் கொள்ளு ரசம் வைக்கச் சொல்.

உன்,
பென்னாகரத்தான்