சுடுமண் நகைகளுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

காது கேட்பதற்காக அறுவை சிகிச்சை செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவியைப் பொருத்திய பிள்ளைகளுக்காக மதுரையில் நாங்கள் செய்த சுடுமண் நகைகள் அத்தனையும் விற்றுத் தீர்ந்துவிட்டன. வந்த பணம் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதல் நன்றி மானாமதுரை வேளார் குடும்பத்துக்கு. கண்மாய் மண்ணைச் சலித்து, ஊறவைத்து, மிதித்துப் பதமாக்கிக் கொடுத்ததோடு ஐயா நிற்கவில்லை. உள்ளே காற்றும் ஈரமும் தங்கினால் சூளையில் வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் உடைத்துவிடும் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பிசையக் கற்றுக்கொடுத்தார். காயக் காய மண் சுருங்கும், அதனால் கொக்கித் துளையைக் கொஞ்சம் பெரிதாகவே குத்த வேண்டும் என்று காட்டியவர் அம்மா. ஈர மண்ணை விரல் நுனியில் கவிழ்த்து, மறு கையால் மெல்லத் திருகி, ஜிமிக்கிக் குடையை அவர் எடுத்துத் தரும் அழகை நாள் முழுக்கப் பார்க்கலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சூளை வைப்பது பெரும்பாடு. அதற்கு முந்திய சூளையிலேயே, தங்கள் பானைகளுக்கு நடுவே எங்கள் பொடிச் சாமான்களை ஒரு சட்டியில் இட்டு மூடிச் சுட்டுத் தந்தார்கள். கூலி என்று நீட்டியதைத் தொடவே இல்லை.

அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கிறது. கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கும் இது கிடைப்பது பெரிய காரியம். பாடு அதற்குப் பிறகுதான். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிக்கு பேட்டரி, வயர் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். வயர் அறுந்தால், புதிது வாங்கும் வரை அந்தப் பிள்ளைக்குச் சத்தமே இல்லை. பயிற்சிக்கு அழைத்து வரும் தாய்க்கோ அன்றைய கூலி போச்சு, பஸ் செலவு வேறு. பேச்சு படிய வேண்டிய வயதில் ஒரு மாதம் வீணானாலும் எனக்கு மனசு பதறுகிறது. வாங்கியவர்கள் தந்த ஒவ்வொரு ரூபாயும் இந்தப் பேட்டரிக்கும் வயருக்கும் பஸ்ஸுக்கும்தான் போயிருக்கிறது.

வேலை முடிந்து வந்து ராத்திரியில் வண்ணம் தீட்டிய அக்காமார்களுக்கும், கடை போட வாசலை விட்டுக்கொடுத்த தெருக்காரர்களுக்கும் நன்றி. கீழடியில் சுடுமண் காதணிகள் கிடைத்த கதையை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி விற்ற கல்லூரித் தங்கைகளை என்ன சொல்லிப் பாராட்டுவது! பேரம் பேசாமல் வாங்கியதோடு, மீதிச் சில்லறையையும் உண்டியலில் போட்டுப் போனவர்களே, உங்கள் பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

வரவு செலவு நோட்டு பயிற்சி மையத்திலேயே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். வாங்கிய நகையில் கொக்கி கழன்றாலோ சாயம் போனாலோ அங்கேயே கொடுங்கள், காசில்லாமல் சரிசெய்து தருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
நகை செய்த பெண்கள் அனைவர் சார்பிலும்