பத்மாவுக்கு, அதிரப்பள்ளிக் காட்டைப் பற்றி

அன்புள்ள பத்மா,

பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தியும் படமும் வந்து சேர்ந்தன. நெற்றியும் புருவமும் உன் அம்மாவுடையவைதான், சந்தேகமே இல்லை. மூட்டுவலிக்காகக் காலையில் நடக்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அதை மட்டும் விட்டுவிடாதே. அடுத்த வருஷம் உன் கால்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிப்ரவரி கடைசியில் அதிரப்பள்ளிக்குப் போய் வந்தேன். பறவை பார்க்கிற சிறு குழு ஒன்றோடு, வழிகாட்டியின் துணையுடன். அருவியைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை. சுமார் 24 மீட்டர் உயரத்திலிருந்து சாலக்குடி ஆறு மொத்தமும் விழுகிற இடம். நீ படங்களில் பார்த்திருப்பாய். மழைக்காலத்தில் அகலமாகப் பாறை முழுக்க மூடி விழும். நாங்கள் போனபோது மூன்று நான்கு கிளைகளாகப் பிரிந்து விழுந்தது. கோடையில் அது எவ்வளவு விழும் என்பது மேலே பொரிங்கல்குத்து மின்நிலையத்தில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பார்க்க வருகிறவர்கள் அருவியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அருவிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற காடு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அங்கேதான் எங்களுக்கு வேலை.

எங்களைக் கூட்டிப்போனவர் காடர் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். வாழச்சால் பக்கம் ஊர். எங்களுக்கு அவர் அண்ணன், அவ்வளவுதான். மலையாளமும் தமிழும் கலந்து மெதுவாகப் பேசுவார், அதிலும் பாதியைக் கையால் காட்டிவிடுவார். விடியற்காலையில் நாங்கள் எல்லோரும் பைனாகுலரைக் கண்ணில் வைத்து வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தோம். அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை. சாலையோரம் ஒரு பெரிய இச்சி மரத்தடியில் குனிந்து, விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கி, ஒன்றைப் பிளந்து பார்த்தார். உள்ளே சிவந்திருந்தது. "இங்கேயே இருக்கலாம், வரும்" என்றார்.

பத்மா, உன் ஞாபகம் எனக்கு அந்த இடத்தில்தான் வந்தது. அத்தி, ஆல், இச்சி இனங்களைப் பற்றி எத்தனை தடவை எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு சமயத்தில் காய்க்கும், அதற்குள் வாழும் குளவி அழியாமல் இருக்க அதுதான் வழி, அதனால் காட்டில் எந்த மாதத்திலும் ஏதோ ஒரு அத்தி பழுத்திருக்கும் என்பாய். எனக்கு அது பாடமாகவே இருந்தது. அன்று பிளந்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஒரு காட்டின் சாப்பாடு முழுக்க இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது என்று புரிந்தது. பறவை தெரிய வேண்டுமானால் முதலில் மரம் தெரிய வேண்டும். நான் இத்தனை காலம் பறவைப் புத்தகத்தை மட்டுமே சுமந்து திரிந்தவள்.

சொன்னபடி வந்தன. முதலில் பச்சைப்புறாக்கள், பிறகு மலை மைனாக்கள், குக்குறுவான்கள். அதற்குப் பிறகு, பெரிய வளைந்த அலகுள்ள இருவாச்சிகளில் ஒரு வகையான மலபார் சாம்பல் இருவாச்சி ஒரு ஜோடி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். யாரோ கரகரத்த குரலில் சிரிப்பது போன்ற அதன் சத்தம் காடு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேரளத்தில் உள்ள நான்கு வகை இருவாச்சிகளும் இந்த ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன என்பதுதான் இந்தக் காட்டுக்குப் பறவைக்காரர்களிடம் உள்ள பெருமை.

பெரிய இருவாச்சியை மறுநாள் பார்த்தோம். கூட்டு மரத்துக்குப் பக்கத்தில் யாரையும் விடுவதில்லை. தூரத்தில் மேடான ஓரிடத்தில், புதர் மறைவில் உட்கார வைத்தார் அண்ணன். பேச்சு கூடாது, எழுந்திருக்கக் கூடாது, பளிச்சென்ற துணி கூடாது. ஒரு நெடிய மரம், அதன் தண்டில் உயரத்தில் ஒரு பொந்து. டெலஸ்கோப்பில் பார்த்தால் பொந்து இருக்கிற அடையாளமே தெரியவில்லை. வாயை அடைத்த பூச்சும் மரப்பட்டையும் ஒரே நிறம். கூர்ந்து பார்த்தபோது நடுவில் செங்குத்தாக ஒரு கீறல், அதில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. பெண் பறவையின் அலகு நுனி.

உள்ளே போய் உட்கார்ந்து, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலை அவளே அடைத்துக்கொள்கிறாள். ஒன்றிரண்டு முட்டை, அடைகாக்க ஏறக்குறைய நாற்பது நாள், அதற்குப் பிறகு குஞ்சு வளர்கிற காலம். உள்ளே இருக்கும்போதே சிறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்க விடுகிறாள். அத்தனை மாதமும் அவளுக்கும் குஞ்சுக்கும் வெளியில் இருக்கிற அவன் ஒருவன்தான். அவனை யாராவது சுட்டுவிட்டால் அந்தப் பொந்துக்குள் நடப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

வெகுநேரம் காத்திருந்தோம். பறவை கண்ணில் படுவதற்கு முன்னால் சத்தம் வந்தது. பெரிய முறத்தில் யாரோ வேகவேகமாகப் புடைப்பது மாதிரி ஒரு சத்தம், மரங்களுக்கு மேலே நெருங்கி வந்தது. இறகின் அடிப்பகுதியை மூடுகிற சிறு இறகுகள் இருவாச்சிக்கு இல்லாததால் காற்று இடையில் புகுந்து அப்படிச் சத்தமிடுகிறது. ஒன்றரை மீட்டர் அகலச் சிறகு. மரத்தில் நேரே போய் உட்காரவில்லை. பக்கத்து மரத்தில் அமர்ந்து நாலாபக்கமும் பார்த்தான். சிவந்த கண். பிறகுதான் கூட்டுக்குத் தாவி, வாலை மரத்தில் ஊன்றித் தொற்றிக்கொண்டான். தலையைப் பின்னால் சாய்த்து ஒரு குலுக்கு, தொண்டையிலிருந்து ஒரு பழம் அலகு நுனிக்கு வந்தது. கீறலுக்குள் கொடுத்தான். மறுபடி ஒரு குலுக்கு, இன்னொரு பழம். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், இருபதைத் தாண்டியது. பழங்களின் நிறம் நடுவில் மாறியது: முதலில் அத்தி, பிறகு கருநீலத்தில் பெரிய கொட்டைப் பழம். ஒன்று தவறிக் கீழே விழுந்தபோது அவன் குனிந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

தவறி விழுகிற அந்தப் பழங்களின் கதையை அண்ணன் அன்று மத்தியானம் காட்டினார். இந்த வருஷம் குடியில்லாத ஒரு பழைய கூட்டு மரத்துக்கு அழைத்துப் போனார். மரத்தடியில் ஒரு வட்டம் போட்டாற்போல நாற்றுகள், முழங்கால் உயரத்தில், நான்கைந்து வகை. எல்லாம் வருஷக்கணக்காகக் கூட்டிலிருந்து உதிர்ந்த விதைகள். சில நாற்றுகளை அவர் பெயர் சொல்லிக் காட்டினார். காட்டு ஜாதிக்காய் எனக்கே தெரிந்தது. மற்றவற்றின் தாய்மரம் அந்தப் பக்கம் எங்கேயும் இல்லை என்றார். கொட்டை அவ்வளவு பெரிதாக இருக்கிற பழத்தை விழுங்கித் தூரம் கொண்டுபோகிற வாய் காட்டில் வேறு எத்தனைக்கு இருக்கிறது? நீ அங்கே இருந்திருந்தால் ஒரு மணி நேரமாவது மண்டியிட்டு உட்கார்ந்திருப்பாய். காட்டிலிருந்து ஒரு விதைகூட எடுத்து வரக் கூடாது என்பதால் படம் மட்டும் எடுத்து வந்திருக்கிறேன்.

அண்ணன் தன் அப்பா காலத்தைப் பற்றிச் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறையில் கூடு தெரிந்தால் மரம் ஏறிக் குஞ்சை எடுத்துவிடுவார்கள், இறைச்சிக்காக. இருவாச்சி வருஷா வருஷம் அதே பொந்துக்கே திரும்புவதால் ஒரு கூடு தெரிந்தால் எப்போதைக்கும் தெரிந்த மாதிரி. 2005-ஐ ஒட்டி வனத்துறையும் ஆய்வாளர்களும் சேர்ந்து, கூடு தெரிந்த அதே ஆட்களைக் கூட்டுக் காவலர்களாக ஆக்கினார்கள். ஒவ்வொரு மரத்திலும் எப்போது வாசல் அடைந்தது, எப்போது திறந்தது, குஞ்சு பறந்ததா என்று பருவம் முழுக்கப் போய்ப் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். அண்ணனிடம் அந்த நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மரத்தையும் அவர் "அவள் வீடு" என்றே சொல்கிறார். பறவை பற்றிய அறிவு அந்த மக்களிடம் எப்போதும் இருந்தது. அதற்கு மரியாதையும் கூலியும் கொடுக்கத்தான் நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. 2014-இல் வாழச்சால் பகுதியின் 9 காடர் ஊர்களுக்கு வன உரிமைச் சட்டத்தின்படி சமூக வன உரிமை கிடைத்தது. காட்டைப் பார்த்துக்கொள்ளும் உரிமை இப்போது அவர்களுடையது என்று காகிதத்திலும் இருக்கிறது.

கடைசி நாள் ஆற்றோரமாக நடந்தோம். தீக்காக்கை ஆண் ஒன்று, வயிறு செக்கச்செவேலென்று, தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. ஈத்தைப் புதருக்குள் தவளைவாயன் பறவை ஜோடி, ஒட்டிக்கொண்டு, காய்ந்த இலைகளோடு இலைகளாக. அண்ணன் விரல் நீட்டிக் காட்டிய பிறகும் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஆனால் நான் தேடிப் போனது கருப்பு வெள்ளை இருவாச்சியை. மலபார் பெயர் தாங்கிய அந்த இனத்துக்கு உயர்ந்த மலைக்காடு வேண்டாம், தாழ்வான ஆற்றோரக் காடுதான் வேண்டும். கேரளத்தில் அது கூடு வைக்கிற முக்கியமான இடம் இந்த ஆற்றங்கரை. ஆற்றைக் குறுக்கே கடந்து ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பறந்தன. கீழே வெள்ளைப் பாறை, மேலே அந்தக் கருப்பு வெள்ளை. நான் பைனாகுலரை எடுக்கவே இல்லை.

அந்தக் கரையில்தான் 163 மெகாவாட் அதிரப்பள்ளி மின்திட்டத்துக்கு அணை கட்டப் பல வருஷங்களாக முயன்றார்கள். வாழச்சால், பொகலப்பாறை ஊர்களும் இந்த ஆற்றோரக் காடும் அடிபட்டிருக்கும். காடர்கள் எதிர்த்தார்கள், சாலக்குடிக்காரர்கள் எதிர்த்தார்கள். நதிக்காகவே வாழ்ந்த லதா அனந்தா 2017-இல் இறக்கும் வரை எதிர்த்தார். 2011-இல், மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய்ந்த காட்கில் குழுவும் இந்தத் திட்டம் வேண்டாம் என்றது. இதை நான் தூரத்து ஊர்ச் சண்டையாக நினைத்திருந்தேன். ஆனால் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் நம் பொள்ளாச்சித் தென்னைகளுக்கு வருகிற தண்ணீர் இதே ஆற்றின் தலையிலிருந்துதான் திருப்பப்படுகிறது. ஏற்கெனவே பல இடங்களில் கட்டப்பட்ட ஆறு இது. மிச்சம் ஓடுகிற அந்தச் சில கிலோமீட்டரையாவது ஓட விட வேண்டும் என்று கேட்பதில் எனக்கும் உனக்கும் பங்கு உண்டு, அந்தத் தண்ணீரில் விளைந்ததைத்தானே தின்றிருக்கிறோம்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. அடுத்த பிப்ரவரிக்கு என்னோடு வருகிறாய். பிப்ரவரி, மார்ச் என்றால் கூடு அடைந்திருக்கும், ஆண் பறவை நாள் முழுக்கப் போய் வரும், அட்டையும் குறைவு. மலைக்காட்டு ஏற்றம் எதுவும் இல்லை, ஆற்றோரமும் சாலையோரமும்தான் நடை, இப்போது நீ நடக்கிற தூரமே போதும். வால்பாறை வழியாக வரலாம். மளுக்கப்பாறையில் ஒரு சோதனைச் சாவடி, வாழச்சாலில் ஒன்று. இரவில் விட மாட்டார்கள், அதனால் காலையிலேயே கிளம்ப வேண்டும். மங்கலான பச்சையோ பழுப்போ, அந்த மாதிரிப் புடவை இரண்டு போதும், சுடிதார் என்றால் இன்னும் நல்லது. நான் பறவை சொல்கிறேன், நீ மரம் சொல். அண்ணனிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன், கூட்டி வரச் சொன்னார்.

இதோடு நாற்றுகளின் படங்கள் வைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் உள்ளது குங்கிலிய வகையா என்று பார்த்துச் சொல். இலையின் அடிப்பக்கத்தைத் தனியாக எடுத்திருக்கிறேன், உனக்கு அது தேவைப்படும் என்று தெரியும்.

அன்புடன்,
சாரதா