ரோமானியத் தேர்ப்பந்தயத் திடல்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் கூட்டத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் கணினியில் உருவாக்கிவரும் சர்க்கஸ் மாக்சிமஸ் முப்பரிமாண மாதிரியின் ஒரு பகுதியைத் திரையில் காட்டினோம். பாதிக் கட்டடம் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கிறதே, வேலை இன்னும் முடியவில்லையா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். வேலை முடிந்த பிறகும் அந்தப் பகுதிகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். அதற்கான காரணத்தை விளக்கவும், அதையொட்டி உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவுமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் பெயரால் வந்த குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சர்க்கஸ் என்றதும் கூடாரமும் கோமாளியும் நினைவுக்கு வருவது இயல்பே. லத்தீனில் அச்சொல் வட்டத்தையும், தேர்கள் சுற்றிவரும் பந்தயத் திடலையும் குறித்தது. ரோம் நகரில் பாலட்டைன், அவென்டைன் என்னும் இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கில், சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கிடந்த மாக்சிமஸ் அத்தகைய திடல்களுள் மிகப் பெரியது. பெரும்பாலும் நான்கு குதிரைகள் பூட்டிய தேர்கள் பன்னிரண்டு வாயில்களிலிருந்து புறப்பட்டு, நடுவிலிருந்த நீண்ட தடுப்பை ஏழு முறை சுற்றி ஓடின. சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று நான்கு அணிகள் இருந்தன. கடைசிப் பந்தயம் கி.பி. 549இல் நடந்தது. இன்று அங்கே போனால் புல் மூடிய நீண்ட பள்ளத்தையும், தென்கிழக்கு முனையில் சில செங்கல் வளைவுகளையும், இடைக்காலத்துக் கோபுரம் ஒன்றையும்தான் காணலாம். தேர்கள் ஓடிய தரை பல மீட்டர் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலைச் செய்யச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு தந்தையார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய கோயில் நம் கண்முன் நிற்கிறது. அளவு நாடாவும் பொறுமையும் இருந்தால் அதை வரைந்துவிடலாம். நின்றிருந்த கட்டடம் மறைந்துபோன இடத்தில், கிடைக்கும் சான்றுகளை ஒன்றோடொன்று பொருத்தி, எதுவரை சொல்லலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்யும் பயிற்சிதான் எங்கள் வரலாற்று ஆசிரியரும் கணினி ஆசிரியரும் விரும்பியது. அதற்கு இந்தத் திடலைவிடப் பொருத்தமான ஒன்று எனக்கும் தோன்றவில்லை.

ஏனென்றால் இதற்கான சான்றுகள் பல திசைகளிலிருந்து வருகின்றன. கி.பி. 203க்கும் 211க்கும் இடையில், செப்டிமியஸ் செவரஸ் பேரரசரின் காலத்தில், ரோம் நகரின் வரைபடத்தைச் சலவைக்கல் பலகைகளில் செதுக்கி ஒரு சுவர் முழுவதும் பதித்தார்கள். அதன் அகலம் சுமார் 18 மீட்டர், உயரம் 13 மீட்டர். அளவு விகிதம் ஏறக்குறைய 1:240. அதில் பத்தில் ஒரு பங்கு அளவே உடைந்த துண்டுகளாக நமக்குக் கிடைத்திருக்கிறது. நல்லவேளையாக இந்தத் திடலின் ஒரு பகுதி அத்துண்டுகளில் இருக்கிறது. திடலைப் பெரிய அளவில் புதுப்பித்த டிராஜன் பேரரசர், கி.பி. 103ஆம் ஆண்டுவாக்கில் வெளியிட்ட வெண்கல நாணயத்தில் அதன் வெளித்தோற்றத்தைப் பொறித்தார். பிரான்சின் லியோன் நகரில் கிடைத்த தரைச்சித்திரம் ஒன்று புறப்பாட்டு வாயில்களையும், நீர்த்தொட்டிகளோடு கூடிய நடுத்தடுப்பையும், எத்தனை சுற்று முடிந்தது என்று காட்டிய முட்டை வடிவங்களையும் டால்பின்களையும் காட்டுகிறது. எங்கள் மாணவர்கள் அச்சித்திரத்தின் முன் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

வளைந்த முனையில் டைட்டஸ் பேரரசருக்குக் கி.பி. 81இல் எழுப்பப்பட்ட மூன்று வழிகள் கொண்ட வளைவு வாயிலின் கதை இன்னும் சுவையானது. வாயில் இடிந்து மண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் இடைக்காலத்தில் ரோமுக்கு வந்த, பெயர் தெரியாத ஒரு பயணி அதன் கல்வெட்டைப் படியெடுத்து வைத்தார். அந்தப் படி சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடாலயச் சுவடி ஒன்றில் தப்பிப் பிழைத்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, அகழ்வாய்வில் அதன் தூண் அடிப்பகுதிகளும் பெரிய சலவைக்கல் துண்டுகளும் வெளிப்பட்ட செய்தி 2015இல் அறிவிக்கப்பட்டது. துண்டுகளின் அளவை வைத்துத் தூண்களின் உயரம் 10 மீட்டருக்கு மேல் என்று கணித்த ஆய்வாளர்கள், கல்லில் நிறுத்த முடியாத வாயிலைக் கணினித் திரையில் நிறுத்திக் காட்டினார்கள். 2019 முதல் அந்த இடத்துக்குச் செல்லும் பயணிகள் கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, புல்வெளியின் மேல் பழைய திடல் எழுவதைப் பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஓட்டைகள் நிறைய. எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்ற எளிய கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலிகார்னாசஸைச் சேர்ந்த டயோனிசியஸ் 1,50,000 பேர் என்கிறார். மூத்த பிளினி 2,50,000 என்கிறார். இருவருமே பழங்காலத்தவர், இருவருமே மதிக்கத்தக்கவர்கள். எங்கள் கணித ஆசிரியர் இதை வகுப்புக்குக் கொண்டுபோனார். இருக்கை வரிசை ஒன்றின் மொத்த நீளத்தை ஏறக்குறைய 1,300 மீட்டர் என்றும், ஓர் ஆளுக்கு 40 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு வரிசையில் 3,250 பேர் அமரலாம். டயோனிசியஸின் எண்ணுக்கு 47 வரிசைகள் போதும். பிளினியின் எண்ணுக்கு 77 வரிசைகள் வேண்டும். வரிசைக்கு 70 சென்டிமீட்டர் ஆழம் என்றால், முதல் கணக்கில் இருபுறமும் 33 மீட்டரும், இரண்டாவது கணக்கில் 54 மீட்டரும் தேவை. இரண்டையும் மாதிரியில் கட்டிப் பார்த்த பிறகு, பெரிய எண் அந்தப் பள்ளத்தாக்கில் அடங்காது என்று மாணவர்கள் வாதிட்டார்கள். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் சிறிய எண்ணின் பக்கமே சாய்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் ஆசிரியர் அவர்களிடம் சொன்னார். கணிதப் பாடவேளையில் மணி அடித்தும் யாரும் எழாத நாளை நான் அன்று பார்த்தேன்.

நிறங்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அகழ்வில் கிடைத்தது மண் நிறத்திலும், நூல், நாணயம், சித்திரம் ஆகியவற்றின் வழியே அறிந்தது மஞ்சளிலும், வேறு திடல்களைப் பார்த்து எடுத்துக்கொண்டது வெளிர்நீலத்திலும், ஊகம் மட்டுமே ஆனது சாம்பலிலும் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். எடுத்துக்காட்டாக, பன்னிரண்டு வாயில்களும் நேர்க்கோட்டில் இல்லாமல், எல்லாத் தேர்களுக்கும் தொடக்கத் தூரம் சமமாகும்படி வளைவாக நின்றன என்பதை, ரோமுக்கு வெளியே ஆப்பியன் சாலையில் நன்றாக எஞ்சியிருக்கும் மாக்சென்டியஸ் திடலின் துணையோடு அமைத்தார்கள்; ஆகவே அது வெளிர்நீலம். இது நாங்களாகக் கண்டுபிடித்த முறை அன்று. எது சான்று, எது ஊகம் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், ஒவ்வொரு முடிவின் காரணமும் பதிவாக வேண்டும் என்பது, 2006இல் உருவான லண்டன் சாசனம் இத்தகைய பணிகளுக்கு வகுத்த நெறி.

இனி என் வேண்டுகோள். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு குழுவின் கோப்பில், ஒரே இரவில் பளபளக்கும் தங்கச் சிலைகளும், பட்டுப் பந்தல்களும், நடுத்தடுப்பில் இரண்டு எகிப்தியக் கல்தூண்களும் முளைத்திருந்தன. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைத்த மாதிரியை வீட்டில் பெரியவர் ஒருவர் அன்போடு இறக்கிக் கொடுத்திருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் மாதிரி டிராஜன் காலத்துக்கு உரியது. அகஸ்டஸ் கி.மு. 10இல் ஹீலியோபோலிஸிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய தூண் அப்போது அங்கே இருந்தது. இரண்டாவது தூணோ கி.பி. 357இல், இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் காலத்தில்தான் வந்து சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்தவள் அதே குழுவின் மாணவி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. யார் மீதும் வருத்தம் இல்லை. ஆயினும், பிள்ளைகளின் மாதிரியை நிறைவு செய்து கொடுக்க வேண்டாம் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். சாம்பல் நிறச் சுவருக்கு மதிப்பெண் குறையாது. காரணம் எழுதப்படாத வண்ணச் சுவருக்குக் குறையும்.

வேறு சில ஐயங்களுக்குச் சுருக்கமாக விடை சொல்கிறேன். நாங்கள் பயன்படுத்தும் பிளெண்டர் கட்டணமில்லாத மென்பொருள். வேலை முழுவதும் பள்ளிக் கணினி ஆய்வகத்திலேயே நடப்பதால் மடிக்கணினி வாங்க வேண்டியதில்லை. தேர்கள் மோதிச் சிதறும் காட்சிகளை அசைவூட்டமாகச் செய்ய அனுமதிக்கவில்லை. ஆனால் அந்தக் கொடுமையை மறைக்கவும் இல்லை. தேரோட்டிகளில் பெரும்பாலோர் அடிமைகளோ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களோதான். கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓட்டியதால், கவிழ்ந்தால் அறுத்துக்கொள்ளக் கத்தி ஒன்றை வைத்திருந்தார்கள். 24 ஆண்டுகளில் 4,257 பந்தயங்களில் ஓடி 1,462இல் வென்றதாகக் கல்வெட்டு போற்றும் டயோக்ளிஸைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகள், ஏறத்தாழ 2,000 வெற்றிகள் பெற்றும் முப்பது வயதை எட்டாமல் இறந்த ஸ்கார்ப்பஸைப் பற்றியும் படிக்கிறார்கள்.

மாதிரியை வரும் இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆய்வகத்தில் காட்சிக்கு வைக்கிறோம். ஒவ்வொரு குழுவும் தான் கட்டிய பகுதியின் அருகில் நிற்கும். நிறத்தைக் காட்டிக் காரணம் கேளுங்கள், பதில் சொல்வார்கள். இடம் குறைவாக இருப்பதால் ஒரு வீட்டிலிருந்து இருவர் மட்டும் வருவது நல்லது. இத்துடன் இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்